விரலுக்குத் தக்க வீக்கம்

எங்கள் பக்கத்து நாட்டுப்புறத்தில் கிணற்றினின்றும் நீர் இறைத்த பழைய கருவிக்குக் கவலை என்று பெயர். இரண்டு காளைகளைப் பூட்டிச் சரிவிலே ஓட்டித் தோற்பறியால் நீரை மேலேற்றிய அக்கருவிக்கு அப்பெயர் எக்காரணம் பற்றி வந்ததாயினும், மழை பொய்த்த ஆண்டுகளில் அது மிகப் பொருத்தமான பெயர் என்றே உழவர் கருதியிருப்பர். காளையும் பறியும் போய், மின்சார மோட்டாரும் பம்பும் வந்து பல்லாண்டுகள் ஆயின. கருவி மாறிற்று, கவலை மாறவில்லை.

கல்லூரி மலரிலே இலக்கியமும் சரித்திரமும் சமய ஒழுக்கமும் பேசும் கட்டுரைகளுக்கு நடுவே, ஒரு பம்பின் உள்ளே சுழலும் சிறு சக்கரத்தைக் குறித்து எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் இக்கல்லூரியில் மூன்றாண்டு பௌதிகம் பயின்று யான் பெற்ற அறிவின் எல்லை எதுவென்பதை எனக்கு உணர்த்தியது அச்சக்கரமே ஆதலின், அவ்வனுபவத்தை உள்ளவாறே கூறத் துணிந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை அறிந்தவர்க்கு அவற்றின் நீர்நிலை புதிதன்று. தெற்கே அரியலூர் எல்லையில் கொள்ளிடமும், வடக்கே வெள்ளாறும் ஓடுகின்றன. ஆயினும் இடைப்பட்ட மேட்டுநிலங்களில் பெரும்பகுதி அவ்வாறுகளின் பயனை அடைவதில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் வானத்தை நம்பி விளைபவை. சின்ன வெங்காயமோ கிணற்றை நம்பி விளைவது. பச்சைமலைக்குக் கிழக்கே, செட்டிகுளத்துக்கு அணித்தாயுள்ள எங்கள் சிற்றூரில் என் தந்தையாருக்கு நாலு ஏக்கர் நிலமும், அறுபதடி ஆழமுள்ள திறந்த கிணறும், ஐந்து குதிரைசக்தி மோட்டாரும் உண்டு. 1937-ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு அவர்களும் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களும் இந்திய நாட்டில் மின்மோட்டார் செய்ய வழிகாட்டினர். அதன்பின் அந்நகரின் பட்டறைகளிலிருந்து வந்த பம்புகளே தமிழ்நாட்டுக் கிணறுகளில் பெரும்பாலும் ஓடிவருகின்றன. 1990 முதல் உழவுக்கு மின்சாரமும் விலையின்றிக் கிடைத்து வருவதால், பம்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றது என்று கேட்பார் ஊரிலே அரியர். அக்கேள்வியைக் கேளாமையின் பயனை யாங்கள் பின்னர் அனுபவித்தோம்.

2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், 2017 ஜனவரியிலே தமிழ்நாட்டின் மாவட்டங்கள் யாவும் வறட்சியுற்றனவென்று அரசினர் அறிவித்ததும் பலர் நினைவில் இருக்கும். அவ்வாண்டுப் பொங்கல் விடுமுறைக்கு யான் ஊர் சென்றபோது, ஒன்றரை ஏக்கரில் நட்டிருந்த வெங்காயம் நாற்பது நாட் பயிராய் நின்றது. அதன்மேல் கடனும் நின்றது. கிணற்றை நெருங்கும்போதே, பம்பின் வழக்கமான ஓசைக்குப் பதிலாக ஒரு புதிய ஓசை கேட்டது. ஒரு பிடி சரளைக்கல்லைத் தகரப்பெட்டியில் இட்டுக் குலுக்கினாற்போன்ற ஓசை அது. குழாயின் வாயில் நீர் பாதியாய் விழுந்தது. சில வேளை காற்றும் நீருமாய்த் துப்பிற்று.

பம்பைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளிருக்கும் சுழற்சக்கரத்தைக் கடைவீதியில் இம்பெல்லர் என்றே வழங்குவர். யானும் அவ்வாறே வழங்குவேன். இரண்டு வட்டத் தகடுகளுக்கு இடையே வளைந்த அலகுகள் சில அமைந்தது அது. நடுவிலுள்ள கண் என்னும் துளைவழியே நீர் புகும். சக்கரம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,880 முறை சுழல, நீரானது விளிம்பை நோக்கி வீசி எறியப்படும். சுற்றியுள்ள நத்தைக்கூடு போன்ற உறையிலே அவ்வேகம் அமுக்கமாக மாறி நீரைக் குழாயில் மேலேற்றும். எங்கள் சக்கரத்தின் அலகுகளோ, கண்ணை அடுத்த பாகத்தில், கறையான் அரித்த பலகைபோலக் குழிகுழியாய்த் தேய்ந்திருந்தன. விளிம்பிலே பொறித்த அளவும் அழிந்துபோயிற்று. அளந்து பார்த்ததில் விட்டம் 150 மில்லிமீட்டர்.

"இதே அளவில் ஒன்று வாங்கி வா, தம்பி," என்றார் தந்தையார்.

அங்கேதான் என் கல்வி குறுக்கிட்டது. கிணற்றில் நீர் இறங்கியிருக்கின்றது. ஆகவே அதிக உயரத்துக்கு நீரை ஏற்றவேண்டும். ஏற்றும் உயரம் சக்கரத்து விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும் என்பது பாடம். 150-க்குப் பதிலாக 165 மில்லிமீட்டர் சக்கரம் பூட்டினால், விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடும். உயரமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேலே கூடும். நீரின் அளவும் பத்தில் ஒரு பங்கு கூடும். உறையின் உள்ளிடத்தை அளந்தேன். 165 தாராளமாய் அடங்கும். ஒரு தாளில் இவற்றை எழுதித் தந்தையாரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். மகன் படித்தவன் என்ற பெருமிதம் அவருடைய ஐயத்தை வென்றது.

அரியலூருக்குச் சென்று ஒரு கடையில் அச்சக்கரத்தை வாங்கினேன். கடைக்காரரும், "பெரிதாய்ப் போட்டால் ஆழத்திலிருந்து இழுக்கும்," என்று என் கருத்துக்கு அரண் செய்தார். திரும்பும் வழியில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய வண்டிகள் சிமெண்ட் ஆலைகளை நோக்கி வரிசையாய்ச் சென்றுகொண்டிருந்தன. அந்நிலம் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்தது என்பதும், அக்கடலின் சிப்பிகளும் நத்தைகளும் இன்றும் அங்கே கல்லாய்க் கிடைக்கின்றன என்பதும் நிலநூலோர் கண்ட உண்மை. ஒருகாலத்துக் கடலின் மீது, ஒரு வயலுக்கு நீர் தேடிக்கொண்டு, மடியில் ஓர் இரும்புச் சக்கரத்துடன் யான் பேருந்தில் அமர்ந்திருந்தேன்.

சக்கரத்தைப் பூட்டினோம். மறுநாள் வைகறையில், இரவெல்லாம் ஊறிய நீரால் கிணற்றின் மட்டம் சற்று உயர்ந்திருந்தபடியால், குழாயிலே நீர் முன்பு கண்டிராத வேகத்தோடு பாய்ந்தது. என் தாயார் வாய்க்காலோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தொடக்கத்தில் ஸ்டார்ட்டர் பெட்டியின் காப்பு ரிலே இரண்டு முறை விழுந்தது. மின் அழுத்தம் குறைவாயிருப்பதால் விழுகின்றது என்று முடிவுகட்டி, அதன் திருகை யானே மேலேற்றி வைத்தேன். ஒருமணி நேரம் ஓடியிருக்கும். வார்னிஷ் கருகும் நாற்றமும், அதன்பின் புகையும் எழுந்தன. மோட்டாரின் காயில் எரிந்துபோயிற்று.

காயில் கட்டி மோட்டார் திரும்பிவர ஒன்பது நாட்கள் ஆயின. ஊரெங்கும் மோட்டார்கள் எரிந்துகொண்டிருந்த காலம்; பட்டறையில் எங்கள் முறை வருவதற்கே ஆறு நாட்கள் சென்றன. அவ்வொன்பது நாட்களும் யான் வயலின் பக்கம் செல்லக் கூசினேன். வெங்காயத் தாள்கள் நுனியிலிருந்து வெளிறின. தந்தையார் ஒருநாள் மாலை வரப்பில் நின்றவாறே, "மேற்குப் பாதியை விட்டுவிட வேண்டியதுதான், கிழக்குப் பாதிக்காவது தண்ணீர் காட்டுவோம்," என்று தாயாரிடம் கூறினார். நட்ட பயிரில் எதனை உயிரோடு வைப்பது, எதனைச் சாகவிடுவது என்று ஓர் உழவன் எண்ணுவதை யான் அதுவரை கண்டதில்லை. என்னை அவர் கடிந்துகொள்ளவில்லை. "நீ படித்தது பொய்யாகாது, தம்பி. பாதி படித்துவிட்டு வந்திருக்கிறாய், அவ்வளவுதான்," என்று மட்டும் சொன்னார்.

மோட்டாரைப் பூட்ட வந்தவர் எங்கள் ஊருக்கு அடுத்த ஊரினரான முதிய மெக்கானிக் ஒருவர். எழுத்து அறிந்தவர், ஆயினும் கணக்கை எழுதிப் போடுபவர் அல்லர். அவர் பம்பைத் தொடுமுன் கயிற்றிலே கல்லைக் கட்டிக் கிணற்றில் இறக்கினார். கயிற்றை முழம்போட்டு அளந்து, "பம்பு மேடையிலிருந்து தண்ணீர் 28 அடி கீழே கிடக்கிறது. போன வருஷம் எவ்வளவு?" என்றார். 15 அடி என்றார் தந்தையார். "அப்படியானால் நீங்கள் இம்பெல்லரை மாற்றியது வீண். மாற்ற வேண்டியது மேடையை," என்றார் அவர்.

அச்சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்டான நாணத்தை எவ்வாறு எழுதுவேன்! பம்பு நீரை இழுப்பதில்லை என்பது பள்ளிக்கூடப் பிள்ளையும் படித்தது. சக்கரத்தின் கண்ணிலே வெறுமை உண்டாக, வெளியிலுள்ள வாயுமண்டலமே தன் அமுக்கத்தால் நீரைக் குழாயினுள் தள்ளுகின்றது. அத்தள்ளுதலுக்கு ஓர் எல்லை உண்டு. முழு வெறுமை உண்டானாலும் நீர் 34 அடிக்கு மேல் ஏறாது; குழாயின் உராய்வும் புட்வால்வின் தடையும் கழிந்தால், நடைமுறையில் 22 அல்லது 25 அடியே கிட்டும். சக்கரம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வெல்லை நகராது. எல்லை கடந்த இடத்தில் நீர் அறையின் வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகளாகின்றது. அக்குமிழிகள் அலகின்மேல் உடைந்து நொறுங்கும் ஓசையே யான் கேட்ட சரளைக்கல் ஓசை. அவை கொத்திய வடுவே யான் கண்ட குழிகள். நோய் இன்னதென்று பம்பு தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தது. பௌதிகம் பயின்ற யான் அதனைக் கேட்டும் கேளாதவன் ஆனேன்.

இரண்டாவது பிழை அதனினும் பெரிது. விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரம் கூடும் என்று எழுதிய தாளிலேயே, விட்டத்தின் கனத்துக்கு ஏற்பச் சக்தி வேண்டும் என்ற மூன்றாவது வரியை எழுதாமல் விட்டேன். 1.1-ஐ மும்முறை பெருக்கினால் 1.33. அஃதாவது, சக்கரம் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் மோட்டாரின் பாரம் மூன்றில் ஒரு பங்கு வளரும். ஐந்து குதிரைசக்தி மோட்டாரிடம் ஏறக்குறைய ஆறேமுக்கால் குதிரைகளின் வேலையைக் கேட்டேன். அது தாங்காது என்று ரிலே இருமுறை எச்சரித்தது. எச்சரித்தவனின் வாயையும் கட்டினேன். ஆழம் அறியாமல் காலை விடாதே என்ற பழமொழியை யான் எத்தனையோ முறை கட்டுரைகளில் எழுதியிருக்கின்றேன். உண்மையாகவே ஒரு கிணற்றின் ஆழத்தை அளக்கவேண்டிய நாளில் அஃது என் நினைவுக்கு வரவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருங்கக் கூறுகின்றேன். கிணற்றின் குறுக்கே இரண்டு இரும்பு உத்திரங்களைப் பதித்து, பம்பையும் மோட்டாரையும் 15 அடி கீழே இறக்கினோம். நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் இடையே 13 அடியே நின்றது. பழைய அளவான 150 மில்லிமீட்டரில் புதிய சக்கரம் ஒன்றை வாங்கிவரச் செய்தார் மெக்கானிக். அதனையும் அப்படியே பூட்டவில்லை. பெரம்பலூரில் ஒரு லேத்துப் பட்டறைக்கு என்னை அனுப்பி, "விட்டத்தில் எட்டு மில்லிமீட்டர் கடைந்து வா, அதற்குமேல் ஆசைப்படாதே," என்றார். இருக்கும் நீரே போதாதபோது சக்கரத்தை இன்னும் சிறிதாக்குவானேன் என்று கேட்டேன். அவர் கிணற்றைக் காட்டி, "ஊற்று ஒருமணி நேரத்துக்கு எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுதான் உனக்கு. வேகமாய் இறைத்தால் அரைமணியில் கிணறு காயும். பம்பு காற்றைக் குடிக்கும். மறுபடியும் நீர் நிரப்பி ஓட்டவேண்டும். மோட்டாரும் காயில் கட்டின மோட்டார். கிழமாட்டை மெதுவாய் ஓட்டு," என்றார்.

அன்றிரவு யான் தாளை எடுத்து மீண்டும் கணக்கிட்டேன். நீர்மட்டத்திலிருந்து பம்பின் பழைய மேடைவரை 28 அடி. அங்கிருந்து தரைவரை 20 அடி. தரையிலிருந்து வயலின் மேட்டுத் தொட்டிவரை 10 அடி. குழாயின் உராய்வுக்காக 12 அடி. ஆக 70 அடி. பம்பின் தகட்டில் 150 மில்லிமீட்டர் சக்கரத்துக்குக் குறித்த உயரம் 24 மீட்டர், அஃதாவது 79 அடி. 142-ஐ 150-ஆல் வகுத்து வர்க்கமாக்கிப் பெருக்கினால் ஏறக்குறைய 71 அடி. நீரின் அளவு நூற்றுக்கு ஐந்து குறையும். மோட்டாரின் பாரமோ நூற்றுக்குப் பதினைந்து குறையும். முழம்போட்ட கயிறும் முப்பதாண்டுப் பழக்கமும் கண்ட விடைக்குப் புத்தகம் ஓரடி தள்ளி வந்து சேர்ந்தது. இத்தகைய கணக்கு ஓரளவுக்கே உண்மையாகும் என்பதையும், பத்தில் ஒரு பங்குக்கு மேல் கடைந்தால் சக்கரத்துக்கும் உறைக்கும் இடையே வெளி பெருகிப் பம்பின் திறம் கெடும் என்பதையும் அவர் ஒரே சொல்லில் அடக்கியிருந்தார்: ஆசைப்படாதே.

மறுநாள் பம்பு ஓடியபோது கம்பியைச் சுற்றி மாட்டும் கருவியால் மின்னோட்டத்தை அளந்தார். ஏழு ஆம்பியருக்குள் நின்றது. சரளைக்கல் ஓசை இல்லை. குழாயில் நீர் பெரிதாய் விழவில்லை. ஆயினும் விட்டுவிட்டு விழாமல் ஒரே சீராய் விழுந்தது. கிழக்குப் பாதி பிழைத்தது. மேற்குப் பாதி பிழைக்கவில்லை. அதன் நட்டத்தைத் தீர்க்க என் தாயாரின் சங்கிலி ஓராண்டு அடகில் இருந்தது. அடுத்த பருவமழைக்கு முன்னதாகப் பம்பை மீண்டும் மேலேற்ற வேண்டும், இல்லையேல் நீர் பெருகி மோட்டாரை மூழ்கடிக்கும் என்பதையும் மெக்கானிக் மறவாமல் சொல்லிப்போனார்.

விடுமுறை கழிந்து கல்லூரிக்குத் திரும்பிய யான், இச்சக்கரத்தின் உறவினர் வேறு எங்கேனும் உளரோ என்று நூல்நிலையத்திலே தேடினேன். எவரெஸ்ட் ஏறிய எட்மண்ட் ஹில்லரி, 1977-ஆம் ஆண்டில் கங்கைக் கடல்முகத்தினின்றும் புறப்பட்டு, ஜெட் படகுகளில் வெள்ளத்தை எதிர்த்து இமயம் நோக்கிச் சென்ற வரலாறு கிடைத்தது. அவ்வகைப் படகை ஆழமற்ற ஆறுகளில் ஓடத்தக்கதாக 1950-களில் வளர்த்தெடுத்தவர் ஹில்லரியின் நாட்டினரான நியூசிலாந்து வில்லியம் ஹாமில்டன். படகின் அடியிலே துருத்திநிற்கும் சுழலி அதற்கு இல்லை. அடித்தட்டின் வழியாக நீரை உள்ளே வாங்கி, உறைக்குள் சுழலும் இம்பெல்லரால் பின்புறம் பீச்சி, அதன் எதிர்விசையால் முன்னேறுவது அது. எங்கள் கிணற்றுப் பம்பே படகேறிச் சென்றது என்று சொல்லலாம். அப்படகின் தேய்ந்த இம்பெல்லருக்குப் பதில் ஒன்றைத் தேர்வோரும் இதே கணக்கையே போடுகின்றனர். சில வகைகளில் விட்டத்தைக் கடைந்தும், சில வகைகளில் அலகின் சாய்வை மாற்றியும் அளவை அமைப்பர். பாரம் மிகுந்த சக்கரமாயின் இயந்திரம் தன் உரிய வேகத்தை எட்டாமல் திணறும். பாரம் குறைந்ததாயின் இயந்திரம் வெறிதே விரைந்து சுழலும், படகு விரையாது. உட்புகும் நீரில் காற்றுக் கலந்தால் அங்கும் சக்கரம் பிடியிழக்கும். மணல் கலந்தால் அங்கும் அலகும் உறையும் தேயும். நந்தப்பிரயாகைக்கு அருகே ஓர் அருவி குறுக்கிட, அப்படகுகள் நின்றன. எவ்வளவு வலிய சக்கரத்துக்கும் இயற்கை ஓர் எல்லையை வைத்திருக்கின்றது என்பதைச் செட்டிகுளத்துப் பக்கத்தில் கற்ற எனக்கு, அவ்விடத்தைப் படித்தபோது ஹில்லரியிடம் ஓர் உறவு தோன்றிற்று.

நாட்டுப்புறத்திலிருந்து வரும் மாணவ நண்பர்களுக்குச் சில சொற்கள். பம்பின் இம்பெல்லரை மாற்ற நேர்ந்தால் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு கடைக்கு ஓடவேண்டா. பழைய சக்கரத்தையே கையில் எடுத்துச் செல்லுங்கள். கண்ணின் அகலம், விளிம்பிலே நீர் வெளிப்படும் வாயின் அகலம், தண்டு புகும் துளை, சாவியின் பள்ளம், சுழலும் திசை ஆகிய ஐந்தும் ஒத்திருத்தல் வேண்டும். மோட்டாரின் தகட்டையும் பம்பின் தகட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கிணற்றில் கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளவுங்கள். பழைய சக்கரம் ஏன் கெட்டது என்று அறியாமல் புதிய சக்கரத்தைத் தேர்வது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பதாகும். ரிலே விழுந்தால் அதன் திருகைத் தொடாதீர்கள்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் மூத்தோர் வாக்கு. மோட்டாருக்குத் தக்க சக்கரம், ஏற்றும் உயரத்துக்குத் தக்க விட்டம், ஊற்றுக்குத் தக்க இறைப்பு என்று அதனை எங்கள் கிணற்றடியில் விரித்துக் கற்றேன். என் தந்தையார் சொன்ன பாதிப் படிப்பின் மறுபாதி அங்கே கிடந்தது. அந்த 165 மில்லிமீட்டர் சக்கரத்தைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அஃது இன்றும் எங்கள் வீட்டில், என் பட்டச் சான்றிதழ் மாட்டியிருக்கும் சுவரின் கீழே, அலமாரியின்மேல் இருக்கின்றது. தந்தையார் அதனை அங்கே வைத்ததற்குக் காரணம் ஏதும் கூறவில்லை. யானும் அதனை அங்கிருந்து எடுக்கவில்லை.